செத்துப்போன பேட்டரியும் ஒரு திருட்டுப் பட்டமும்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கவங்க சாயங்காலமா வந்து படிங்க. கேம் ஆடுறதே வெட்டி வேலைன்னு நினைக்கிறவங்களும் படிக்கலாம், கடைசியில உங்களுக்கும் ஒரு வேலை வெச்சிருக்கேன். :-)

போன வாரம் மதியச் சாப்பாட்டை முடிச்சுட்டு ஆபீஸ் கேன்டீன் மூலையில உக்காந்து 'போக்கிமான் ரூபி' ஆடிட்டு இருந்தேன். 2002ல ஜப்பான்லயும் 2003ல அமெரிக்காவுலயும் வெளியான கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டம். நான் ஆடினது கேம்பாய்ல இல்ல. உள்ளங்கை அளவுல இப்போ விக்கிறாங்களே, எமுலேட்டர் போட்ட சின்னப் பொட்டி, அதுல. பக்கத்து டீம் அண்ணன் ஒருத்தர் டீ கப்போட வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, எமுலேட்டரா? நீயே நிரல் எழுதித்தான் சம்பளம் வாங்குற. நீயே திருட்டு ஆட்டம் ஆடலாமா?"

சுத்தி இருந்த நாலு பேர் சிரிச்சாங்க. நானும் அசடு வழிஞ்சேன். சொன்ன அண்ணனோட ஹார்ட் டிஸ்க்ல எத்தனை புதுப்படம் எந்த வழியா வந்து உக்காந்திருக்குன்னு எனக்கு நல்லாவே தெரியும். ஆனா "நீ மட்டும் யோக்கியமா"ன்னு கேட்டு அடுத்தவன் வாயை அடைக்கிறது வாதம் இல்ல, அது குழாயடிச் சண்டை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும். அங்க சொல்ல வாய் வரலை, இங்க சொல்றேன்.

இன்னொண்ணையும் ஒத்துக்கறேன். அந்த அண்ணன் சொன்னதையே பத்து வருஷத்துக்கு முன்னாடி நானும் சொல்லிட்டு இருந்தேன். சொல்லிட்டு அதுக்கு ஒரு விலையும் கொடுத்தேன். முதல்ல அந்தக் கதை. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

2005 மே மாசம். சிங்கப்பூர்ல வேலை பார்த்த மாமா லீவுக்குத் திருச்சி வந்தார். கோடாலித் தைலம், சாக்லேட் டப்பா எல்லாம் எடுத்து வெச்சுட்டு, கடைசியா பெட்டி அடியிலேர்ந்து மடிச்சு மூடுற ஒரு வெள்ளிக் கலர் பொட்டியை எடுத்தார். கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி. செகண்ட் ஹேண்ட்தான். கூடவே ரெண்டு கார்ட்ரிட்ஜ், போக்கிமான் சில்வர் ஒண்ணு, போக்கிமான் ரூபி ஒண்ணு. அதுவரைக்கும் நமக்குத் தெரிஞ்ச கையடக்க ஆட்டம்னா திருவிழாக் கடையில வாங்குற, '9999 இன் 1'னு அட்டையில போட்டிருக்கிற செங்கல் கேம் மட்டும்தான். இதுல கலர்ல ஒரு ஊரே இருந்துச்சு. மரம், கடல், மழை, கடை, சண்டை எல்லாம்.

எனக்கு எட்டு வயசு, அக்காவுக்குப் பன்னெண்டு. பொட்டி ஒண்ணு, ஆள் ரெண்டு. போதாததுக்கு இந்த ஆட்டத்துல ஒரு கார்ட்ரிட்ஜுக்கு ஒரே ஒரு சேவ்தான். முதல் ரெண்டு நாள் தலைமுடி பிடிச்ச சண்டை. மூணாம் நாள் அம்மா பஞ்சாயத்து பண்ணி, ரூபி அக்காவுக்கு, சில்வர் எனக்குன்னு தீர்ப்பு சொன்னாங்க.

ரூபியில ஆடுறவங்க பேருக்கு ஆங்கிலத்துல ஏழு எழுத்துதான் இடம். அக்கா பேர் கவிதா. ஆங்கிலத்துல எழுதினா கரெக்டா ஏழு. அதுல அவளுக்கு ஒரு பெருமை. பிடிக்கிற ஜந்துக்கெல்லாம் நம்ம இஷ்டப்படி பேர் வைக்கலாம். அக்கா மொத்தக் குடும்பத்தையும் உள்ள இறக்கிட்டா. எப்பப் பாரு தூங்குற குரங்குக்கு மாமா பேர். முதுகுல புகை விடுற ஆமை ஒண்ணு வரும், டோர்கோல்னு. எங்க தாத்தா சுருட்டு பிடிப்பார். அதனால அந்த ஆமைக்கு 'தாத்தா'ன்னு வெச்சா. கொண்டுபோய் அவர்கிட்டயே காட்டினோம். கண்ணாடியை நெத்தி மேல தூக்கிட்டுப் பார்த்தவர், "ஏண்டி, நான் ஆமையாடி?"ன்னார். அப்புறம் அந்த ஆமை சண்டையில ஜெயிச்சதும் முதல் ஆளா அவரே கை தட்டினார்.

2011ல தாத்தா போயிட்டார்.

2015. இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், ஹாஸ்டல். ஒரு சீனியர் ஆர்டுயினோ வெச்சு கேம்பாய் கார்ட்ரிட்ஜைப் படிக்கிற கருவி ஒண்ணு செஞ்சிருந்தார். "டேய், உன்கிட்ட சில்வர் இருக்குன்னியே. லீவுக்குப் போறப்ப கொண்டு வா. ஆட்டத்தையும் சேவையும் படி எடுத்துத் தரேன். பேட்டரி போச்சுன்னா எல்லாம் போயிடும்டா"ன்னார். நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "அதெல்லாம் பைரசிண்ணே. என்கிட்ட ஒரிஜினல் இருக்கு, எனக்கெதுக்கு"ன்னேன். அவர் சிரிச்சுட்டுப் போயிட்டார்.

2022ல வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணினப்போ ட்ரங்குப் பெட்டிக்குள்ள பொட்டி கிடைச்சுது. அதோட பேட்டரி வீங்கி உப்பியிருந்துச்சு. புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டு, ஆசையா சில்வரைச் செருகினேன். 'தொடரவும்'னு வர வேண்டிய இடம் காலி. 'புது ஆட்டம்' மட்டும் இருக்கு. எட்டு வயசுலேர்ந்து பதினாலு வயசு வரைக்கும் நான் சேர்த்து வெச்ச மொத்தமும் போச்சு. கொஞ்ச நேரம் சும்மா தரையில உக்காந்திருந்தேன்.

என்ன ஆச்சுன்னு பொட்டி தட்டுறவங்களுக்கு உடனே புரிஞ்சிருக்கும். சில்வர்ல சேவ் உக்கார்ற இடம் 32 கிலோபைட் ரேம். கரன்ட் போனா மறந்துடுற சாதாரண ரேம்தான். அது மறக்காம இருக்கிறதுக்காக கார்ட்ரிட்ஜுக்கு உள்ளயே ஒரு காசு சைஸ் பேட்டரியைப் பத்த வெச்சிருப்பாங்க. போதாக்குறைக்கு இந்த ஆட்டத்துல பகல் ராத்திரி வரும், அதுக்கு ஒரு கடிகாரம் ஓடும், அதுவும் அதே பேட்டரியைத்தான் உறிஞ்சும். அது செத்த அன்னிக்கு சேவும் செத்துது. ரூபி அடுத்த தலைமுறை. அதுல சேவ் ஃப்ளாஷ் சிப்ல இருக்கும், பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். அதனால ரூபியைச் செருகினப்போ, பேட்டரி தீர்ந்துடுச்சு, நேரம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இனி நடக்காதுன்னு ஒரு அறிவிப்பு வந்துது. ஆனா அக்காவோட ஊர் அப்படியே இருந்துச்சு. தாத்தாவும் இருந்தார்.

அதே வாரம் யூ.எஸ்.பி.யில சொருகுற கார்ட்ரிட்ஜ் ரீடர் ஒண்ணு வாங்கி ரூபியைப் படி எடுத்தேன். ஆட்டம் 16 மெகாபைட். சேவ் 128 கிலோபைட். காலையில குடும்ப வாட்ஸப் குரூப்ல வர்ற பூங்கொத்து படத்தைவிடச் சின்னது.

கொசுவத்தி முடிஞ்சுது. இப்ப சண்டைக்கு வருவோம்.

"எமுலேட்டரே திருட்டுக் கருவிதானே?"

இல்ல. எமுலேட்டர்ங்கறது நடிகர். கேம்பாய் அட்வான்ஸுக்குள்ள நொடிக்கு 1 கோடியே 67 லட்சம் துடிப்பு துடிக்கிற ஒரு சிப் இருக்கு, 240க்கு 160 புள்ளி உள்ள திரை இருக்கு, சத்தம் போட ஒரு பகுதி இருக்கு. எமுலேட்டர் அந்தச் சிப்பு மாதிரி, திரை மாதிரி, சத்தம் மாதிரி நடிக்கிற நிரல். ஆட்டத்துலேர்ந்து ஒரு கட்டளையை எடுக்கும், 'பழைய சிப்பு இதுக்கு என்ன பண்ணியிருக்கும்'னு பார்க்கும், அதையே பண்ணும், அடுத்ததை எடுக்கும். எம்ஜிபிஏ மாதிரி ஒரு எமுலேட்டரோட மூல நிரலைத் திறந்து பாருங்க. நிண்டெண்டோ எழுதின ஆட்டம் ஒரு வரி இருக்காது. பல வருஷமா சிப்போட நடை உடை பாவனையைக் கவனிச்சுக் கவனிச்சு எழுதின வேலை அது. காசு வாங்காம கொடுக்கிறாங்க.

கட்டபொம்மனா நடிச்சதுக்காக சிவாஜி மேல யாராவது கட்டபொம்மன் வாளைத் திருடிட்டார்னு கேஸ் போடுவாங்களா? ஆட்டம், அதாவது ரோம், அதுதான் வசனப் புத்தகம். அது யாரோடது, எப்படி வந்துதுன்னு கேளுங்க. நியாயமான கேள்வி. ஆனா நடிகரைத் திருடன்னு சொல்லாதீங்க.

இது நான் மட்டும் சொல்றது இல்ல. மேக் கணினியில பிளேஸ்டேஷன் ஆட்டம் ஓட்டுற ஒரு எமுலேட்டரை 1999ல கனெக்டிக்ஸ்ங்கற கம்பெனி வித்துது. சோனி கேஸ் போட்டுது. 2000ல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், எமுலேட்டர் எழுதுறதுக்காக அந்தப் பொட்டியோட உள்வேலையைப் பிரிச்சுப் படிச்சது நியாயமான பயன்பாடுதான்னு தீர்ப்பு சொல்லிச்சு. கோர்ட்ல தோத்த சோனி அடுத்த வருஷம் அந்த எமுலேட்டரையே விலைக்கு வாங்கி இழுத்து மூடிச்சு. அதே சோனி 2018ல 'பிளேஸ்டேஷன் கிளாசிக்'னு ஒரு குட்டிப் பொட்டி வித்துது. அதுக்குள்ள ஆட்டத்தை ஓட்டினது எது தெரியுமா? ஆர்வலர்கள் எழுதின திறமூல எமுலேட்டர், பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு. கோர்ட்டுக்கு இழுத்தப்போ கசந்தது, கடையில விக்கிறப்போ இனிச்சுது.

நிண்டெண்டோவும் லேசுப்பட்டது இல்ல. 3டிஎஸ்ல பழைய கேம்பாய் ஆட்டங்களை வித்துதே, ஸ்விட்ச்ல 2023லேர்ந்து சந்தாவுக்குத் தருதே, அதெல்லாம் எமுலேட்டர் போட்டுத்தான் ஓடுது. ஆக எமுலேட்டர் அவங்க கையில இருந்தா தொழில்நுட்பம், நம்ம கையில இருந்தா திருட்டு!

"சரி, காசு கொடுத்து வாங்கி ஆட வேண்டியதுதானே?"

வாங்கறேன் சாமி. எங்க விக்கிறாங்கன்னு சொல்லுங்க.

அமெரிக்காவுல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்பு இருக்கு. 2023 ஜூலையில ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 2010க்கு முன்னாடி அந்த நாட்டுல வெளியான ஆட்டங்கள்ல 87 சதவீதம் இன்னிக்குக் கடையில கிடைக்காது. கேம்பாய் குடும்பத்தை மட்டும் தனியாப் பார்த்தா கிடைக்கிறது 6 சதவீதத்துக்கும் கீழ. நூறு ஆட்டம்னா தொண்ணூத்தி நாலு ஆட்டத்துக்குக் காசை நீட்டினாலும் வாங்கிக்க ஆள் இல்லன்னு அர்த்தம்.

கிடைக்கிறதும் நிலைக்கிறது இல்ல. போக்கிமானோட முதல் தலைமுறை ஆட்டங்களை 2016ல 3டிஎஸ் கடையில மறுபடி வித்தாங்க. ஜனங்க ஆசையா வாங்கினாங்க. 2023 மார்ச் 27ல அந்தக் கடையில புதுசா வாங்குறதையே நிறுத்திட்டாங்க. பிஎஸ்பி பொட்டிக்கும் 2021 ஜூலையில அதே கதி. ஸ்விட்ச் சந்தா இருக்கேன்னா, அது வாடகை வீடு. மாசம் கட்டுற வரைக்கும் இருக்கலாம், நிறுத்தின அன்னிக்குச் சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பணும். எந்த ஆட்டம் உள்ள இருக்கும், எது போகும்ங்கறதும் வீட்டுக்காரர் இஷ்டம்.

மிச்சம் இருக்கிறது பழைய கார்ட்ரிட்ஜை இன்னொருத்தர்கிட்ட வாங்குறது. ஆயிரக்கணக்குல விலை சொல்றாங்க, அதுலயும் பாதி போலி. அப்படியே ஒரிஜினலை வாங்கினாலும், ஆட்டத்தை உருவாக்கினவங்களுக்கு அதுல ஒத்தைப் பைசா போகாது. "வாங்கி ஆடு, கலைஞனை வாழ வை"ன்னு சொல்றவங்க இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்கினா நல்லா இருக்கும்.

"அவன் சொத்து, விப்பான், விக்காம பூட்டி வெப்பான். உனக்கென்ன?"

இந்த வாதம்தான் எனக்கு நிஜமாவே கோவம் வரவைக்குது. பதிப்புரிமைங்கறது தாத்தா எழுதி வெச்ச நிலப் பட்டா இல்ல. ஊர் ஒரு படைப்பாளியோட போட்டுக்கிற ஒப்பந்தம். 'இத்தனை வருஷம் நீ மட்டும் சம்பாதிச்சுக்கோ, அப்புறம் இது எல்லாருக்கும்'னு. அமெரிக்கச் சட்டப்படி கம்பெனிக்காக எழுதப்பட்ட படைப்புக்கு வெளியானதுலேர்ந்து 95 வருஷம். 1989ல கேம்பாயோட வந்த ஆட்டம் 2084 கடைசி வரைக்கும் பூட்டுலதான் இருக்கும். அப்ப எனக்கு வயசு 87. கார்ட்ரிட்ஜ் பேட்டரி தாங்கறது பதினஞ்சு, இருபது வருஷம். ஒப்பந்தம் முடியற அன்னிக்கு ஊர் கையில வந்து சேர எதுவுமே மிச்சம் இருக்காதுன்னா, அது என்ன ஒப்பந்தம்?

நம்மாளுங்களுக்கு இது புரியாம இருக்கக் கூடாது. 1931ல வந்த முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்'. இன்னிக்கு அதோட பிரதி ஒண்ணுகூட இல்ல. படத்தை யாரும் திருடிட்டுப் போகலை. படி எடுத்துப் பத்திரமா வெக்க ஆள் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். சுவடி காலத்துலயும் இதே கதைதான். கரையான் அரிக்கறதுக்கு முன்னாடி புது ஓலையில படி எடுத்தாத்தான் நூல் பிழைக்கும். படி எடுத்தவனைத் திருடன்னு அன்னிக்கு ஊரைவிட்டு விரட்டியிருந்தா, இன்னிக்கு உ.வே.சா. தேடிப் போக ஒரு ஏடுகூட மிஞ்சியிருக்காது.

'சரி, நூலகங்களாவது பார்த்துக்கட்டும்'னு கேட்டாங்க. கடையில கிடைக்காத ஆட்டங்களை, நூலகங்கள் ஆராய்ச்சியாளர்களுக்கு இணையம் வழியா, நேர்ல வராமலே காட்ட அனுமதி வேணும்னு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துகிட்ட விண்ணப்பிச்சாங்க. கேம் கம்பெனிகளோட சங்கம் எதிர்த்துது. 2024 அக்டோபர்ல கிடையாதுன்னு முடிவு வந்துது. பொழுதுபோக்குக்கு ஆடிடுவாங்களாம்! தானும் படுக்கான், தள்ளியும் படுக்கான்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அது இதுதான்.

"ஒரிஜினல் பொட்டியில ஆடுற சுகம் வருமா?"

இது எதிராளி கேள்வி இல்ல, நம்ம பக்கத்து ஆசாரக்காரங்க கேள்வி. வராதுதான். முழுசா ஒத்துக்கறேன். எஸ்பியை 'டப்'புனு மூடுற சத்தத்துக்கு ஈடு இல்ல. கோனாமி 2003ல 'போக்டாய்'னு ஒரு ஆட்டம் விட்டுது. கார்ட்ரிட்ஜ்லயே வெயிலை உணர்ற கருவி இருக்கும், நிஜமா வெயில்ல போய் நின்னாத்தான் ரத்தக்காட்டேரியைச் சுட முடியும். எமுலேட்டர்ல வெயிலுக்குப் பதிலா ஒரு பட்டனை ஏத்தி இறக்கணும். சிரிப்பா இருக்கும். ஆனா அந்தக் கருவியும் ஒரு நாள் செத்துப்போகும். அன்னிக்கு ஏத்தி இறக்குற பட்டனாவது இருக்கட்டுமே? முதல்ல வந்த கேம்பாய் அட்வான்ஸ்ல பின்னொளியே கிடையாது. டியூப்லைட்டுக்குக் கீழ போய் கழுத்தை ஒடிச்சுக்கிட்டு ஆடின கஷ்டத்தை எல்லாம் மறந்துட்டு சுகம் சுகம்னு சொல்றோம். :-)

"யோவ், எல்லாத் திருடனும் இப்படித்தான்யா பேசுறான்!"

இது உண்மை. இங்கதான் நம்ம ஆளுங்களையும் நாலு சாத்து சாத்தணும்.

நான் வாங்கின சின்னப் பொட்டி வந்தப்போ அதுல ஒரு மெமரி கார்டு இருந்துச்சு. அதுக்குள்ள ஆயிரக்கணக்குல ஆட்டம், ஒண்ணுக்கும் உரிமை கிடையாது. அட்டையிலயே எண்ணிக்கையைப் பெருசா அச்சடிச்சு விக்கிறாங்க. விக்கிறவன் பேர் வேண்டாம், அந்தச் சந்தையில பாதிப் பேர் அப்படித்தான். அடுத்தவன் உழைப்பை அள்ளிப் போட்டுக் காசு பார்க்கிற இதுக்கும் பஸ் ஸ்டாண்டு திருட்டு விசிடிக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. அந்தக் கார்டை அழிச்சுட்டுத்தான் என்னோடதை ஏத்தினேன். 'பாதுகாக்கிறோம் பாதுகாக்கிறோம்'னு சொல்லிட்டு, போன மாசம் வந்த ஆட்டத்தை வெளியாகிறதுக்கு முந்தின ராத்திரியே இறக்குறவங்களும் தயவுசெஞ்சு எங்க கூட்டத்துல வந்து நிக்காதீங்க. உங்களாலதான் எங்களுக்கும் சேர்த்து அடி விழுது.

விழுந்துதே! 2024ல ஸ்விட்ச் எமுலேட்டரான யூசு மேல நிண்டெண்டோ கேஸ் போட்டுது. கடையில அப்ப வித்துட்டு இருந்த பொட்டி அது. ஆட்டம் எல்லாம் மறையாக்கப் பூட்டு போட்டது. அந்தக் கோவத்தையாவது புரிஞ்சுக்க முடியுது. 24 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிட்டு யூசு மூடிட்டுப் போனாங்க. ஆனா அதே ஆளுங்க நடத்தின 3டிஎஸ் எமுலேட்டர் சிட்ராவும் கூடவே போச்சு. 3டிஎஸ் கடையை மூடி அதுக்குள்ள ஒரு வருஷம் ஆகுது. விக்கிற பொட்டிக்கு நடந்த சண்டையில, விக்காத பொட்டியோட காவலாளியும் செத்தான். நல்லவேளை, திறமூலம்ங்கறதால மத்தவங்க எடுத்துத் தொடர்ந்தாங்க.

அதனால என் கோடு எங்க இருக்குன்னு தெளிவாச் சொல்லிடறேன். கடையில விக்கிறதை வாங்கு. உன்கிட்ட இருக்கிற கார்ட்ரிட்ஜை நீயே படி எடு. அந்தப் படியை விக்காதே. நம்ம நாட்டு 1957 பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவும், நிரலை முறையா வெச்சிருக்கவங்க தொலைஞ்சா, அழிஞ்சா, பழுதானா உதவட்டும்னு காப்புப் படி எடுக்கிறதை மீறல்னு சொல்லலை. கேம்பாய், கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்ல தகவலுக்கு மறையாக்கமும் கிடையாது, எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியது இல்ல.

கம்பெனிகிட்ட நான் கேக்கிறதும் பெருசா ஒண்ணும் இல்ல. வித்தா ஒழுங்கா வில்லு. விக்கலைன்னா, படி எடுத்துப் பாதுகாக்கிறவனைக் கோர்ட்டுக்கு இழுக்காதே. கடையை மூடுறதுக்கு முன்னாடி, வாங்கினவன் தன்னோடதை எடுத்துக்கிட்டுப் போக ஒரு வழி விடு. அவ்வளவுதான்.

கத்தினா ஒண்ணும் நடக்காதுன்னு சொல்லாதீங்க. 2021 மார்ச்ல சோனி பிஎஸ்பி, வீட்டா, பிளேஸ்டேஷன் 3 மூணுக்கும் கடையை மூடப் போறோம்னாங்க. ஜனங்க கத்தின கத்துல அடுத்த மாசமே வீட்டாவையும் 3ஐயும் விட்டுட்டாங்க. ஆப் ஸ்டோர் 2008ல திறந்ததுலேர்ந்து எமுலேட்டரைக் கிட்ட சேர்க்காம இருந்த ஆப்பிள், 2024 ஏப்ரல்ல அனுமதிச்சுது. அதே மாசம் 'டெல்டா' வந்துது. உலகம் ஒண்ணும் அழிஞ்சுடலை.

இனி உங்க வேலை. வீட்டுப் பரண்ல, ஸ்டீல் பீரோ அடித்தட்டுல, பழைய கார்ட்ரிட்ஜ் ஏதாவது இருந்தா இந்த வாரக் கடைசியே எடுங்க. படிக்கிற கருவி இருக்கிற நண்பரைப் பிடிங்க. முதல்ல சேவைக் காப்பாத்துங்க. ஆட்டத்தோட படி உலகத்துல எங்கயாவது இன்னொருத்தர்கிட்ட இருக்கும். உங்க சேவ் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. "அதெல்லாம் பைரசிண்ணே"ன்னு நெஞ்சை நிமித்தினவன் சொல்றேன், கேளுங்க.

ரூபிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லலையே. படி எடுத்ததை எமுலேட்டர்ல போட்டேன். பேட்டரி தீர்ந்துடுச்சுங்கற அறிவிப்பு வரலை. எமுலேட்டர் லேப்டாப் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லுது, ஆட்டம் நம்பிடுச்சு. எஸ்பியில நின்னுபோயிருந்த காலம் மறுபடி ஓட ஆரம்பிச்சுது. சாயங்காலம் பாதையோரம் ஒரு ஓரான் விதை நட்டு தண்ணி ஊத்திட்டுத் தூங்கினேன். காலையில எழுந்து பார்த்தா காய்ச்சிருந்துது.

அக்கா இப்ப மெல்போர்ன்ல இருக்கா. கார்ட்ரிட்ஜ் அம்மா தீர்ப்புப்படி அவளோடது, அதனால படியும் அவளுக்குத்தானே சேரணும்? மெயில்ல அனுப்பினேன். 2024ல டெல்டா வந்தப்புறம் ஒரு நாள் போன்ல ஏத்திட்டா. ரெண்டு மணி நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒரே ஒரு வரி வந்துது.

"டேய், நான் விட்டப்ப தாத்தா 38ஆவது லெவல். இப்ப 41 காட்டுது. என் ஆட்டத்தை நீ திருட்டுத்தனமா ஆடியிருக்க!"

இந்த ஒரு திருட்டை மட்டும் ஒத்துக்கறேன். :-)

பி.கு: கேன்டீன் அண்ணன் இதைப் படிச்சா ஒரு பின்னூட்டம் போடுங்கண்ணே. டீ என் செலவு.